பழைய காருக்கு ஹோஸ் மாத்தப் போறீங்களா? உள்ளுக்குள்ள என்ன ஓடுது எண்டு முதல்ல பாருங்க

பழைய கார் ஒண்டு வாங்கினா எல்லாரும் முதல்ல காசு கொட்டுறது பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும்தான். பொனட்டுக்குள்ள கிடக்குற ரப்பர் ஹோஸை ஆரும் திரும்பிப் பாக்குறதில்ல, பின்னேரம் ஆறு மணிக்கு காலி வீதியில பம்பலப்பிட்டி ட்ரபிக்குக்குள்ள நிண்டு பொனட்டால ஆவி பறக்கேக்கதான் அப்படி ஒரு சாமான் இருக்கிறதே ஞாபகம் வரும். தண்ணி ஹோஸ் வெடிச்சா எஞ்சின் கூடச் சூடாகி ஹெட் கேஸ்கட் (எஞ்சிண்ட மேல் பகுதியான ஹெட்டுக்கும் கீழ் பகுதிக்கும் நடுவில இருக்கிற தகடு) போகலாம். பெற்றோல் ஹோஸ் வெடிச்சா காரே போயிடும்.

பழைய கார்ப் பக்கம் புதுசா வாற ஆக்களுக்காகத்தான் எழுதுறன், அதால ஒரு விசயத்தை முதல்லயே சொல்லிடுறன், கீழ வாறது எல்லாம் அதில இருந்துதான் வருது. ஹோஸ் எடுக்கும்போது சைஸைப் பாக்க முதல் அதுக்குள்ள என்ன ஓடப்போகுது எண்டு பாருங்க, தண்ணியா பெற்றோலா ஒயில் புகையா வெறும் காத்தா எண்டு. வெளியில இருந்து பாத்தா எல்லாம் ஒரே கறுப்புக் குழாய்தான், ஆனா ரப்பர் வேற வேற, ஒண்டுக்கு எடுத்ததை மற்றதுக்குப் போட ஏலாது.

கடைக்குப் போக முதல்

"மொறிஸ் மைனர் ஹோஸ் தாங்க" எண்டு கேட்டா போதாது. மைனர் 1948இல இருந்து 1971 வரைக்கும் செஞ்ச கார், அதுக்குள்ள 918, 803, பிறகு 1956இல 948, 1962இல 1098 சி.சி. எண்டு எஞ்சின் மாறிக்கொண்டே வந்திருக்கு, எல்லாத்துக்கும் ஒரே ஹோஸ் இல்ல. போதாக்குறைக்கு எங்கட ஊரில எஞ்சினே மாத்தி ஜப்பான் எஞ்சின் இறக்கின காருகளும் ஓடுது, எஞ்சின் ஒறிஜினலா இருந்தாலும் ரேடியேட்டர் வேற ஏதோ காரிண்டயா இருக்கும். அதால சி.ஆர். புத்தகத்தில (காரிண்ட பதிவுப் புத்தகம்) போட்டிருக்கிற வருசத்தை மட்டும் நம்பாம எஞ்சின்ல அடிச்சிருக்கிற நம்பரைப் பாருங்க. பொக்ஸ் லான்சர், பழைய கொரோல்லா, டட்சன் வச்சிருக்கிற ஆக்களுக்கும் இதேதான்.

பிறகு எஞ்சின் ஆறி இருக்கும்போது போனை எடுத்து நாலு பக்கத்தாலயும் போட்டோ எடுங்க, கிட்டப் போயும் எடுங்க. ஒரு தாளில ஒவ்வொரு ஹோஸும் எங்க இருந்து எங்க போகுது, உள்ளுக்குள்ள என்ன ஓடுது எண்டு எழுதுங்க. மைனர்ல இது பெரிய லிஸ்ட் இல்ல: ரேடியேட்டர் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், ஹீட்டர் இருந்தா அதுக்கு ரெண்டு, பம்ப்ல இருந்து காபரேட்டருக்குப் போற பெற்றோல் ஹோஸ், ரொக்கர் கவர்ல இருந்து எயார் கிளீனருக்குப் போற பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள்ள இருக்கிற ஒயில் புகையை வெளியேத்துறது), அவ்வளவுதான். எண்பதுகளில வந்த ஜப்பான் காரெண்டா பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிக்கிறதை லேசாக்குற சாமான்) ஹோஸ், எஞ்சின் காத்தை உறிஞ்சுற சின்னச் சின்ன வேக்கியூம் ஹோஸ் எண்டு இடியப்பம் மாதிரி கிடக்கும், அப்ப போட்டோ இல்லாம கழட்டினா திரும்பப் பூட்டுறது கஷ்டம். ஒவ்வொரு முனையிலயும் டேப் ஒட்டி நம்பர் போடுங்க.

போக்ஸ்வாகன் பீட்டில் வச்சிருக்கிற ஆக்கள் "எங்களுக்குத்தான் ரேடியேட்டரே இல்லையே" எண்டு சிரிக்கிறது தெரியும். உங்களுக்குத்தான் முக்கியமா சொல்லணும். எயார் கூல் எஞ்சினுக்கு மேல, அந்தச் சூட்டுக்குள்ள பெற்றோல் ஹோஸ் போகுது, பழைய ஜேர்மன் ஹோஸுக்கு வெளியால நூல் பின்னியிருக்கும், ரப்பர் வெடிச்சிருந்தாலும் நூல் மூடிக்கொண்டு இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. பீட்டில் பின்பக்கம் தீப்பிடிக்கிறதுக்கு இதுதான் வழமையான காரணம். எப்ப மாத்தினது எண்டு தெரியாட்டி மாத்திடுங்க, செக் பண்ணிக்கொண்டு நிக்காதீங்க.

எது போயிட்டுது எண்டு எப்படிப் பாக்குறது

தண்ணி ஹோஸை முழுக் கையால அமத்திப் பாக்குறது சரி வராது. எஞ்சின் நல்லா ஆறின பிறகு பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் கிளிப்புக்குக் கிட்ட, ஒரு ரெண்டு இன்ச்சுக்குள்ள கிள்ளிப் பாருங்க, பிறகு ஹோஸிண்ட நடுவில கிள்ளிப் பாருங்க. முனை மட்டும் மெத்தெண்டு இருந்தா, இல்லாட்டி உள்ளுக்குள்ள நீளத்துக்கு வாய்க்கால் மாதிரி வெடிப்பு விரலுக்குத் தட்டுப்பட்டா அந்த ஹோஸ் முடிஞ்சுது. கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணியோட கலக்குற திரவம்) ஒரு பக்கம், உலோகம் ஒரு பக்கம் எண்டு இருக்கும்போது பட்டரிக்குள்ள நடக்கிற மாதிரி சின்னதா ஒரு மின்னோட்டம் வரும், அது ரப்பரை உள்ளுக்க இருந்து, அதுவும் முனையில இருந்துதான் சாப்பிடத் தொடங்குது. வெளியில பளபளப்பா இருக்கும். கழட்டின ஒரு ஹோஸை பிளேட்டால நீளத்துக்கு வெட்டித் திறந்து பாருங்க, நடுப்பகுதி புதுசு மாதிரி இருக்கும், கிளிப் இருந்த இடத்தில மட்டும் நகத்தால கீறினா கறுப்பா மாவு மாதிரி வரும், அதுக்குக் கீழ நூல் தெரியும்.

கல்லு மாதிரி இறுகிப் போனது, வளைச்சா கோடு கோடா வெடிக்கிறது, ஊதிப் போனது, ஒயில் பட்டு ஒட்டுற மாதிரி ஆனது, இதெல்லாம் சொல்லத் தேவையில்ல. கொழும்பு வெக்கைக்குள்ள ட்ரபிக்கில ஊருற காருக்கு ஹோஸ் சீக்கிரமே போகும், சில ஹோஸ் கம்பனிகள் 4 வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுறாங்க.

கீழ் ஹோஸுக்கு இன்னொரு செக் இருக்கு. அது வோட்டர் பம்ப் உறிஞ்சுற பக்கம். எஞ்சின் சூடானதும் ஆரையாவது அக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிட்டு தூர நிண்டு பாருங்க, ஹோஸ் சப்பையானா பம்ப் தண்ணிக்குத் தவிக்குது எண்டு அர்த்தம். சில காருக்கு இதுக்காகவே ஹோஸுக்குள்ள ஒரு ஸ்பிரிங் வரும், பழைய ஸ்பிரிங் துருப்பிடிச்சுது எண்டு ஆரோ எறிஞ்சிருப்பாங்க. பாக்கும்போது பேனுக்குக் கிட்ட சேர்ட் கை, சங்கிலி, தலைமுடி ஒண்டும் போகக் கூடாது.

உள்ளுக்குள்ள ஓடுறதைப் பாத்து ஹோஸ் தெரிவு செய்யுறது

முதல்ல தண்ணி. ரேடியேட்டருக்கும் ஹீட்டருக்கும் ஈ.பி.டி.எம். எண்ட ரப்பர்தான் வேணும். சூடு, வெயில், கூலன்ட் எல்லாம் தாங்கும், ஆனா ஒயிலும் பெற்றோலும் அதுக்கு ஆகாது, ஊதிப் போயிடும். ஹோஸ்ல எஸ்.ஏ.ஈ ஜே20 (SAE J20) எண்டு அடிச்சிருந்தா அது கூலன்ட் ஹோஸுக்கான தரம், அதைப் பாத்து எடுங்க. சிலிக்கோன் ஹோஸும் இருக்கு, நீலம் சிவப்பு கலர்ல வாறது, 180 பாகை செல்சியஸ் அளவு சூடு தாங்கும், கன காலம் உழைக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. ரேஸ் ஓடுற ஆக்களுக்கு சரி. மைனர் பொனட்டைத் திறந்ததும் நீலக் கலர் ஹோஸ் தெரிஞ்சா எனக்கு கண்ணில குத்துற மாதிரி இருக்கும், அது என்ர ருசி. எந்தக் கலரா இருந்தாலும் சிலிக்கோனை பெற்றோலுக்கோ ஒயிலுக்கோ மட்டும் போடாதீங்க, சாதாரண சிலிக்கோன் ரெண்டையும் தாங்காது.

மடிப்பு மடிப்பா, உள்ளுக்க கம்பி வச்சு எப்படியும் வளையுற மாதிரி ஒரு ஹோஸ் விக்கிறாங்க, "எந்தக் காருக்கும் பொருந்தும்" எண்டு சொல்லித் தருவாங்க. அவசரத்துக்கு வீடு வந்து சேர நல்லது. நிரந்தரமா போட வேணாம், அது விறைப்பா இருக்கிறதால எஞ்சின் ஆடும்போது ரேடியேட்டர் கழுத்தைப் பிடிச்சு ஆட்டும், பழைய பித்தளை ரேடியேட்டர்ல அந்தக் கழுத்து ஈயம் வச்சு ஒட்டினதுதான், கொஞ்ச நாளில அந்த ஒட்டு வெடிச்சு ஒழுகும். அச்சில வார்த்த, வளைவு ஏற்கனவே இருக்கிற ஹோஸ்தான் நல்லது. உங்கட காருக்கு வாறது கிடைக்காட்டி வேற காருக்கு வாற நீளமான வளைஞ்ச ஹோஸ் ஒண்டை எடுத்து தேவையான துண்டை வெட்டிப் பாவிக்கலாம், ஊரில பழைய கார் ஓடுற ஆக்கள் காலம் காலமா அப்படித்தான் செய்யுறாங்க, ஒரு பிழையும் இல்ல.

பைபாஸ் ஹோஸ் பற்றி மைனர், மினி ஆக்களுக்கு ஒரு சொல்லு. வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற அந்தக் குட்டி ஹோஸ், ஒரு விரல் நீளம் கூட இல்ல. நேர் ஹோஸ் எடுத்தா பம்பைக் கழட்டாம உள்ளுக்க போகாது. அதுக்குத்தான் மடிப்பு வச்ச வகை ஒண்டு வருது, சுருக்கிப் பிடிச்சு உள்ளுக்க விட்டுட்டு விரிச்சு ரெண்டு பக்கமும் ஏத்தலாம். ஆனா எப்படியும் வோட்டர் பம்ப் மாத்துற யோசனை இருந்தா அப்பவே நேர் ஹோஸைப் போடுங்க, அதுதான் கூட நாள் உழைக்கும். மற்ற ஹோஸ் எல்லாம் மாத்திட்டு இதை "பிறகு பாப்பம்" எண்டு விடுற ஆக்கள் கனபேர், பிறகு வழியில நிக்கிறதும் இதாலதான்.

அடுத்தது பெற்றோல். இதில விட்டுக்கொடுக்க வேணாம். எங்கட நாடு ரப்பர் நாடு, 1876இல கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்கு ரப்பர்க் கண்டு வந்த காலத்தில இருந்து. ஆனா அந்த மரத்து ரப்பர் பெற்றோலுக்கு ஆகாது. சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டுற சொலூஷன் இருக்கே, அது ரப்பரை பெற்றோல் மாதிரி ஒரு திரவத்தில கரைச்சதுதான், அப்ப யோசிச்சுப் பாருங்க. பெற்றோல் ஹோஸ்ல எஸ்.ஏ.ஈ ஜே30 (SAE J30) எண்டு இருக்கணும், அதுக்குப் பக்கத்தில ஆர்6 (R6), ஆர்7, ஆர்9 எண்டு ஏதாவது இருக்கும். ஆர்6, ஆர்7 ரெண்டும் காபரேட்டர் காருக்கு வாறது, ஆர்7க்கு 50 பி.எஸ்.ஐ அழுத்தம் வரைக்கும் தாங்குற தரம், உங்கட காபரேட்டருக்குப் போற அழுத்தம் அதில பத்தில ஒரு பங்கு கூட வராது. ஆர்9 இன்ஜெக்ஷன் காருக்கு, உள்பக்கம் புளோரோ ரப்பர் பூசினது, பெற்றோலுக்கும் சூட்டுக்கும் கூடத் தாங்கும். அழுத்தத்துக்காக ஆர்9 தேவையில்ல, ஆனா எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டுக்கு (எஞ்சின்ல இருந்து சூட்டுப் புகை வெளியேறுற குழாய்) கிட்டப் போற ஹோஸுக்கும் பீட்டிலுக்கும் நான் ஆர்9தான் சொல்லுவன், ஒரு மீற்றர் ரெண்டு மீற்றர்தானே வேணும்.

உள்ளுக்க பெற்றோல் ஓடுறது தெரியுது எண்டு சொல்லி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய் போடுற வேலை வேணாம். கொஞ்ச நாளில மஞ்சளாகி விறைச்சுப் போகும், பிறகு கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கிக் கழண்டிடும். அடுப்பு கேஸ் ஹோஸ், பூக்கண்டுக்கு தண்ணி விடுற ஹோஸ், இதெல்லாம் நான் கார்ல பூட்டிக் கண்டிருக்கிறன். கதைச்சு வேலையில்ல.

பிரீதர் ஹோஸ், பி.சி.வி. ஹோஸ் (எஞ்சினுக்குள்ள இருக்கிற ஆவியை எஞ்சினே திரும்ப உறிஞ்ச விடுறது) இதுகளுக்குள்ள ஒயில் ஆவியும் பெற்றோல் ஆவியும் போகுது. அதால ஹீட்டர் ஹோஸ் மிச்சத் துண்டை இதுக்குப் போட்டா உள்ளுக்க ஊதி மெத்தெண்டாகி பிறகு உறிஞ்சு மூடிக்கொள்ளும். நைட்ரைல் ரப்பர், ஒயிலுக்கு எண்டு விக்கிற ஹோஸ் எடுங்க. பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ் தடிப்பானது, உள்ளுக்க நூல் வச்சது, வேக்கியூமுக்கு சப்பையாகக் கூடாது, சிலதில ஒரு வழி வால்வ் ஹோஸுக்குள்ளேயே இருக்கும், பழைய ஹோஸோட சேத்து எறிஞ்சிடாதீங்க. அந்த வால்வில இருக்கிற அம்புக்குறி எஞ்சின் பக்கம் பாக்கணும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற மெல்லிய வேக்கியூம் ஹோஸ் மலிவு, இறுக்கமா பொருந்தினா சரி.

பிரேக் ஹோஸ், கிளச் ஹோஸ், பவர் ஸ்டியரிங் பிரஷர் ஹோஸ் மூண்டும் இந்தக் கட்டுரைக்கு வெளியால. அதெல்லாம் முனை அமத்தின, முழுசா செஞ்சு வாற சாமான், மீற்றர் கணக்கில வெட்டி கிளிப் போடுற சாமான் இல்ல.

அளவெடுக்குறது

பழைய ஹோஸை அளக்காதீங்க, அது ஊதியிருக்கும். ஹோஸ் ஏறுற உலோகக் கழுத்தை வேனியர் கலிப்பரால அளந்து பாருங்க, முனையில இருக்கிற வரம்பை விட்டுட்டு. பிரிட்டிஷ் கார் எண்டா இன்ச் கணக்கு: பெற்றோலுக்கு கால் இன்ச் எண்டா 6.35 மில்லிமீற்றர், 5/16 எண்டா கிட்டத்தட்ட 8, ஹீட்டருக்கு அரை இன்ச் எண்டா 12.7, 5/8 எண்டா கிட்டத்தட்ட 16. ஜப்பான், ஜேர்மன் கார் எண்டா மில்லிமீற்றர். 5/16உம் 8உம் மாறிப் பாவிச்சா ஒண்டும் நடக்காது, ஆனா கால் இன்ச் கழுத்துக்கு 8 மில்லிமீற்றர் ஹோஸ் போட்டு கிளிப்பால இறுக்கிச் சமாளிக்க ஏலாது, ரப்பர் மடிஞ்சு அந்த மடிப்பால கசியும். ரேடியேட்டர் ஹோஸுக்கு ரெண்டு முனையையும் தனித்தனியா அளங்க, ரேடியேட்டர் மாத்தின காரெண்டா ரெண்டும் வேற சைஸா இருக்கும்.

வளைவுக்கு, பழைய ஹோஸை பேப்பர்ல வச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சு எடுங்க. ஹோஸையும் கையோட கொண்டு போங்க.

பஞ்சிகாவத்தைக்குப் போறது

கார் சாமான் கடைகள் நிறைய இருக்கிற இடம் எண்டா, மருதானையில இறங்கி நடந்தா பஞ்சிகாவத்தை, இல்லாட்டி நுகேகொட பக்கம் டெல்கந்த. சனிக்கிழமை பகல் போனா கடைக்காரருக்கு உங்களோட கதைக்க நேரம் இருக்காது, கிழமை நாளில காலைல போங்க. சாம்பிளைக் காட்டினா அவங்க மேல் தட்டில இருந்து ஒரு கொத்து ஹோஸை இறக்கி ஒவ்வொண்டா பக்கத்தில வச்சுப் பாப்பாங்க, அந்தக் கண்ணளவு எங்களுக்கு வராது. ஆனா வளைவுதான் அவங்க பாக்குறது, ரப்பரைப் பாக்கவேண்டியது நீங்க.

ஒரு கடையில "இது பெற்றோலுக்கா தண்ணிக்கா" எண்டு கேட்டா "சைஸ் சரிதானே, ரெண்டுக்கும் போடலாம்" எண்டு சொல்லுவாங்க, அடுத்த கடைக்குப் போங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு நானா இருக்கார், கேட்டதும் ஹோஸைத் திருப்பி துணியால துடைச்சு எழுத்தை வெளிச்சத்துக்குக் காட்டுவார், "தம்பி, எழுத்து இல்லாட்டி என்னட்ட இருந்தும் வாங்காதீங்க" எண்டு. அந்த எழுத்து வரிசையிலதான் கம்பனி, சைஸ், தரம், அனேகமா செஞ்ச திகதி எல்லாம் இருக்கும். விரலால உரசினா அழியுற எழுத்தெண்டா அங்கேயே வச்சிட்டு வந்திடுங்க.

திகதி ஏன் முக்கியம் எண்டா, பழைய கார் ஆக்களுக்கு "ஒறிஜினல் பெட்டியோட, அந்தக் காலத்துச் சாமான்" எண்டா ஒரு மயக்கம். ஹெட்லைட் ரிம்முக்கு அது சரி. ரப்பருக்கு சரி வராது, தட்டில கிடந்தாலும் வயசு போகும். 30 வருசம் பெட்டிக்குள்ள இருந்த ஹோஸை விட போன வருசம் செஞ்ச பெயர் தெரிஞ்ச கம்பனி ஹோஸ் எவ்வளவோ மேல். வாங்க முதல் முனையைக் கொஞ்சம் வளைச்சுப் பாருங்க, வெட்டின முகத்தில நூல் வட்டமா ஒரே அளவா நடுவில இருக்கணும், ஒரு பக்கம் ரப்பர் மெல்லிசா இருந்தா வேணாம்.

கிளிப்பை ஹோஸ் வாங்கின பிறகு வாங்குங்க, ஏனெண்டா கிளிப் சைஸ் ஹோஸிண்ட வெளி அளவுக்கு, ஆர்9 ஹோஸ் கொஞ்சம் தடிப்பு. கடல் காத்துக்கு இரும்புக் கிளிப் நிக்காது, வெள்ளவத்தை, தெஹிவளை பக்கம் இருக்கிற ஆக்களுக்குத் தெரியும். கிளிப்பில டபிள்யூ1 எண்டு இருந்தா முழுக்க நாகம் பூசின இரும்பு, டபிள்யூ2 எண்டா பட்டி ஸ்டெயின்லஸ், ஸ்க்ரூ இரும்பு, டபிள்யூ4 எண்டா முழுக்க ஸ்டெயின்லஸ். டபிள்யூ4 எடுங்க. சின்ன பெற்றோல் ஹோஸுக்கு, பட்டியில ஓட்டை வெட்டின கிளிப் போட்டா ரப்பரைக் கடிச்சு வெட்டும், உள்பக்கம் வழுவழுப்பா ஒரு போல்ட் வச்ச இன்ஜெக்ஷன் கிளிப் எண்டு கேளுங்க. சிலிக்கோனுக்கும் ஓட்டைப் பட்டி கூடாது.

பூட்டுறது

எஞ்சின் ஆறியிருக்கணும், பட்டரியிண்ட எர்த் வயர் (கார் பொடியில பூட்டியிருக்கிறது, மைனர்ல அது பொசிட்டிவ்) கழட்டியிருக்கணும், பெற்றோல் பக்கம் வேலை எண்டா சிகரெட் பத்துற மச்சானை ரோட்டுக்கு அனுப்பிடுங்க. ஒட்டிப் பிடிச்ச பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீங்க, ரேடியேட்டர் கழுத்து கையோட வரும். பிளேட்டால நீளத்துக்குக் கீறி உரிச்சு எடுங்க. கழுத்தில இருக்கிற துரு, பழைய ரப்பர், ஆரோ பூசின சீலன்ட் எல்லாத்தையும் சாண்ட் பேப்பரால மெல்லமாத் தேய்ச்சு துடைங்க.

கிளிப்பை முதல்ல ஹோஸ்ல கோர்த்துட்டு (இது எல்லாருக்கும் மறக்கும்) முனையில கொஞ்சம் சவர்க்காரத் தண்ணியோ கூலன்ட்டோ தடவி ஏத்துங்க. கிறீஸ், எஞ்சின் ஒயில் தடவ வேணாம், ஈ.பி.டி.எம். ரப்பருக்கு அது எதிரி. கழுத்து முனையில இருக்கிற வரம்பைத் தாண்டி ஹோஸ் போகணும், கிளிப் அந்த வரம்புக்கு உள்பக்கம், ஹோஸ் முனையில இருந்து ஒரு 3 மில்லிமீற்றர் விட்டு உக்காரணும். ரப்பர் பட்டி ஓட்டையால பிதுங்குற அளவுக்கு முறுக்கினா கூடிப்போச்சு. பெற்றோல் ஹோஸை புது பிளேட்டால நேரா வெட்டுங்க, ரப்பர்த் தூள் உள்ளுக்க நிண்டா அது நேரா காபரேட்டர் நீடில் வால்வுக்குத்தான் (காபரேட்டர் நிரம்பினதும் பெற்றோலை நிப்பாட்டுற வால்வ்) போகும்.

எஞ்சின் மவுண்ட்ல ஆடும், அதுக்கு ஹோஸ் கொஞ்சம் தளர்வா இருக்கணும், ஆனா பேன்லயோ எக்ஸோஸ்ட்லயோ முட்டக் கூடாது.

தண்ணி நிரப்பும்போது பைப் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. கொழும்பில தண்ணி உறையப்போறதில்ல, ஆனா கூலன்ட்தான் துருவையும் நிப்பாட்டுறது, கொதிநிலையையும் கூட்டுறது. ஹீட்டர் இருந்தா திறந்து விட்டு மெல்ல நிரப்புங்க, காத்து வெளியேறட்டும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்க, பழைய மைனருக்கு 7 பி.எஸ்.ஐ மூடி, ஜப்பான் மூடியில 0.9 எண்டு இருந்தா அது கிட்டத்தட்ட 13 பி.எஸ்.ஐ. கழுத்துக்குப் பொருந்துது எண்டு கூடின மூடி போட்டா புது ஹோஸ் தாங்கும், பழைய ரேடியேட்டர் தாங்காது.

மைனர்ல எஸ்.யு. மின்சார பெற்றோல் பம்ப் இருந்தா செக் பண்ணுறது லேசு. பட்டரியைக் கொழுவி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்புங்க. பம்ப் டிக் டிக் டிக் எண்டு வேகமா அடிச்சு, காபரேட்டர் நிரம்பினதும் நிண்டிடணும். நிக்காம அடிச்சுக்கொண்டே இருந்தா எங்கேயோ ஒழுகுது, இல்லாட்டி காத்து இழுக்குது, இல்லாட்டி நீடில் வால்வ் மூடல்ல. சாவியை மூடிட்டு ஒவ்வொரு மூட்டையும் வெள்ளை டிஷ்யூவால தொட்டுப் பாருங்க. எல்லாம் காய்ஞ்சிருந்தா ஸ்டார்ட் பண்ணி சூடாகும் வரைக்கும் ஓட விடுங்க, நிப்பாட்டி முழுசா ஆறினதும் தண்ணிக் கிளிப் எல்லாத்தையும் இன்னொருக்கா கால் சுத்து இறுக்கிப் பாருங்க, புது ரப்பர் முதல் சூட்டோட கொஞ்சம் அமரும். ஒரு கிழமை ஓடினதும் திரும்பவும் ஒருக்கா. பெயின்ட் மார்க்கரால ஹோஸ்ல மாத்தின மாசமும் வருசமும் எழுதி விடுங்க, மிஞ்சின பெற்றோல் ஹோஸ் துண்டையும் ரெண்டு கிளிப்பையும் ஒரு ஸ்க்ரூடிரைவரோட டிக்கியில போட்டு வையுங்க.